தருமபுத்திரரின் துயரும் ஸஹஸ்ரநாமமும்

உற்சவ காலத்தில் திருவீதியெங்கும் ஸ்ரீ விஷ்ணு ஸஹஸ்ரநாம பாராயணம் ஒலிக்கக் கேட்கிறோம். இது யாருக்கு, எந்நிலையில் உபதேசிக்கப்பெற்றது என்று சற்றே சிந்தித்தல் நலம். போரில் வென்றும் நெஞ்சுடைந்து நின்ற ஒருவருக்கன்றோ இது அருளப்பெற்றது!

18 நாள் யுத்தம் முடிந்து தருமபுத்திரருக்கு அரியணை கிட்டியது, அமைதி கிட்டவில்லை. ஆசாரியரான துரோணரிடம் தாம் உரைத்த பொய், பாலகன் அபிமன்யுவைப் பகைவரின் வியூகத்துள் அனுப்பியது, பிதாமகரை வீழ்த்தியது, தமையனென்று அறியாமல் கர்ணனை மாய்த்தது ஆகியவை அவரை வாட்டின. தம்பியரும் திரௌபதியும் வியாஸரும் க்ஷத்திரிய தர்மத்தை எடுத்துரைத்தனர். ஆயினும் புண் ஆறவில்லை.

இத்துயர் அக்காலத்தோடு ஒழிந்ததன்று. வியட்நாம் போரிலிருந்து மீண்ட அமெரிக்க வீரர்களுக்குப் பாஸ்டன் நகரில் சிகிச்சையளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1994-ல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். அச்சமும் இழப்பும் தந்த துயர் ஆறக்கூடும். முறையென்று உள்ளம் நம்பியது மீறப்பட்டால் அக்காயம் வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடும் என்பது அவர் கண்டது. இதனை அறக்காயம் எனலாம்.

கண்ணபிரான் செய்தது யாது? தருமபுத்திரரைப் பீஷ்மரிடமே அழைத்துச் சென்றான். வெட்கத்தாலும், சாபம் நேருமோ என்ற அச்சத்தாலும் அவர் எதிரே வரத் தயங்குவதைக் கண்ணனே பீஷ்மருக்கு அறிவித்தான். பிதாமகரோ அருகழைத்து, உச்சி மோந்து, அமரச்செய்து, அஞ்சாது வினவும்படி பணித்தார். போர் கடமையே என்று அவரும் மொழிந்தார். அதனை முன்னரே பலரும் மொழிந்தனர்; ஆனால் இப்போது சொன்னவர் அம்புப்படுக்கையில் கிடந்தவர். யார் முகத்தில் விழிக்க அஞ்சினாரோ, அவரே ஏற்றுக்கொண்டார். அதன்பின் நிகழ்ந்த நெடிய உரையாடலில்தான் ஸஹஸ்ரநாமம் பிறந்தது. அப்போதும் துயர் முற்றும் தீரவில்லை. பிராயச்சித்தமாக அசுவமேதமும் செய்ய வேண்டியிருந்தது.

போர்முனை கண்டு ஓய்வு பெற்றோர் நம் ஊர்களிலும் உளர். மாண்டவரிடம் சென்று மன்னிப்பு வேண்ட அவர்களால் இயலாது. ஆகவே அவர்களை ஏற்கும் கடமை அடியார் கூட்டத்தைச் சார்ந்தது. வீரக்கதை சொல்லுமாறு அவர்களை வற்புறுத்தலாகாது. 'உம்மீது குற்றமில்லை' என்று விரைந்து பேச்சை முடித்தலும் ஆகாது. சொல்வதை முகம் சுளிக்காமல் கேட்டல் வேண்டும். உறக்கமிழந்து தவிப்போரை மருத்துவரிடமும் அழைத்துச் செல்லல் வேண்டும். பிறகு அருகமர்த்தி உடன் பாராயணம் செய்வோமாக. அந்தத் திருநாமங்கள் முதலில் அத்தகையோர் ஒருவருக்கே உரைக்கப்பெற்றவை.

எம்பெருமான் திருவடிகளே சரணம்.