கல்லுக்குத் தன்வினை மட்டுமே தெரியும்

கல் பொய் சொல்லாது என்றொரு நம்பிக்கை நம்மிடம் உண்டு. எழுதுகிறவன் திரிப்பான், சொல்கிறவன் கூட்டுவான், கல் மட்டும் நடந்ததை அப்படியே வைத்திருக்கும் என்கிறோம். இங்கிலாந்தின் யோர்க்சயரில், வோல்ட்ஸ் எனப்படும் சுண்ணக்கல் குன்றுகளின் நடுவே, கூரையில்லாமல் நிற்கும் ஒரு கிராமத்துத் தேவாலயத்தை வைத்து இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

ஊரின் பெயர் வொரம் பேர்சி. ஊர் இப்போது இல்லை. வீடுகளும் தெருவும் இருந்த இடத்தைப் புல் மூடிய மேடுபள்ளங்கள்தான் காட்டுகின்றன. 1950 தொடக்கம் 1990 வரை, நாற்பது வருடங்கள், அந்த மண்ணைக் கிண்டி ஆராய்ந்தார்கள். எஞ்சி நிற்பது புனித மார்ட்டின் தேவாலயம் ஒன்றுதான். மரத்தால் ஆன சிறு கட்டடமாகத் தொடங்கிப் பின்னர் அது கல்லாக மாறியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. ஊர் பெருக்க அதுவும் பெருத்தது. 12ஆம் நூற்றாண்டில் தெற்குச் சுவரைத் திறந்து, தூண்களும் வளைவுகளும் நிறுத்தி, ஒரு பக்க மண்டபத்தைச் சேர்த்தார்கள். அடுத்த நூற்றாண்டில் வடக்கே இன்னொன்று வந்தது.

பிறகு ஆட்கள் குறைந்தார்கள். கட்டடமும் குறையத் தொடங்கியது. இரண்டு பக்க மண்டபங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கப்பட்டன. பீடம் இருந்த பகுதியையும் பின்னாளில் குறுக்கினார்கள். இதில் பெரிய துக்கம் எதுவும் இருந்திருக்கத் தேவையில்லை. மக்கள் நின்று வழிபடும் மண்டபத்தை மக்களே பராமரிக்க வேண்டும், பீடப் பகுதியைக் கோயில் வருமானம் பெறுபவர் பார்க்க வேண்டும் என்பது அந்த நாட்டு வழக்கம். இருபது பேரால் நூறு பேருக்கான கூரையைத் தாங்க முடியாது. அவ்வளவுதான்.

ஆனால் இடித்த விதம் கவனிக்கத் தக்கது. மண்டபங்களை இடித்தவர்கள் தூண்களைத் தொடவில்லை. வளைவுகளின் இடைவெளிக்குள் கல் அடுக்கி அடைத்து, அதையே வெளிச்சுவராக்கிக் கொண்டார்கள். இன்றைக்கும் வெளியே நின்று பார்க்கிற எவருக்கும், இது முதலில் சுவராக இருக்கவில்லை, இதற்கு அப்பாலும் ஒரு காலத்தில் ஆட்கள் நின்றார்கள் என்பது விளங்கும். ஒருவரும் போகாதது போலப் பழைய அளவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு வகைப் பொய். ஒருவரும் இருந்ததே இல்லை என்பது போலத் துடைத்துக் கட்டுவது இன்னொரு வகைப் பொய். அடைத்த வளைவு இரண்டையும் செய்யவில்லை. இந்த மட்டில் கல் நேர்மையானதுதான்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. ஆட்கள் குறைந்தார்கள் என்று அந்தச் சுவர் சொல்கிறது. ஏன் குறைந்தார்கள் என்று சொல்வதில்லை. இப்படி அழிந்த ஊர்களைக் காட்டி, 1348இலும் 1349இலும் வந்த கொள்ளைநோய் கொண்டுபோய்விட்டது என்றுதான் பலரும் சொல்லி வந்தார்கள். நோய் வந்தது உண்மை, பலர் இறந்ததும் உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் வொரம் பேர்சியில் குடும்பங்கள் உழுது வாழ்ந்தன. கடைசிக் குடும்பங்களை 1500ஐ அண்டிய காலத்தில் நிலவுடைமையாளர் எழுப்பிவிட்டார். உழவரைவிட ஆடு இலாபம், கம்பளிக்கு நல்ல விலை. 1517இல் நடந்த அரச விசாரணையின் பதிவில் இவ்வூரில் இடிக்கப்பட்ட 4 வீடுகள் கணக்கில் வந்திருக்கின்றன. பொய் சொல்லக்கூடியது என்று நாம் சந்தேகிக்கும் கடதாசிதான் இங்கே வாய் திறந்தது.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தோம். வீடு இடிந்தது, வீட்டை இடித்தான். ஊர் அழிந்தது, ஊரை அழித்தான். கல்லுக்குத் தன்வினை மட்டுமே தெரியும். அது 'குறைந்தார்கள்' என்னும். 'குறைத்தார்கள்' என்று அதனால் சொல்ல முடியாது.

மனிதர்களும் வசதிக்காகக் கல்லாகிவிடுவதுண்டு. நான் கோப்பை கழுவுகிற உணவகத்தில் ஒருவனை வேலையால் நிறுத்தினால், மறுநாள் "அவன் போய்விட்டான்" என்பார்கள். "அனுப்பிவிட்டோம்" என்று ஒருவரும் சொல்வதில்லை. அவனுடைய வேலையை மிச்சப் பேர் பங்கிட்டுக்கொள்கிறோம். வளைவு அடைபட்டுவிடுகிறது.

எங்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயரும் தன்வினைதான்: இடம்பெயர்ந்தோர், புலம்பெயர்ந்தோர். ஏதோ காலநிலை சரியில்லை, கிளம்பி வந்தோம் என்பது போல. வலிகாமம் வடக்கு மக்களை 1990இல் கிளப்பியது இராணுவம் என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாங்கள் சொல்லத்தான் செய்கிறோம். அதே வருடம் ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வெளியேறிய கதைக்கு வந்தால் மட்டும் எங்கள் இலக்கணம் மாறிவிடுகிறது. "சோனகர் போயிட்டினம்." போகவில்லை. விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணித்தியாலங்களே அவகாசம் கொடுத்தார்கள். பள்ளிவாசல்கள் நின்றன. அவை எதுவும் சொல்லவில்லை, கட்டடங்கள் சொல்லமாட்டா.

இது நாங்கள் செய்ததல்லவே, பிறகு வந்தவர்களுக்கு இதில் என்ன பொறுப்பு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வொரம் பேர்சி ஊர் அழிந்த பிறகும் தேவாலயம் மூடப்படவில்லை. அது பல ஊர்களுக்குப் பொதுவானது. பக்கத்து ஊரான திக்சென்டேலில் 1870இல் சொந்தத் தேவாலயம் எழும்பும்வரை, அவ்வூரவர் குன்றேறி இங்கேதான் வந்தார்கள். வழிபாடு 1949வரை நடந்தது. கோபுரத்தின் ஒரு பகுதி விழுந்தது 1959இல்தான். நானூறு வருடங்களுக்கு மேலாக, ஆடு மேயும் வீட்டுமேடுகளைக் கடந்து சனம் செபத்துக்கு வந்திருக்கிறது. அவர்கள் யாரையும் துரத்தவில்லை. அவர்கள் வந்திராவிட்டால் அந்தத் தூண்களும் மிஞ்சியிரா. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வளைவை அடைப்பது குற்றமல்ல. குளிர் வரும், அடைக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூரைக்குக் கீழே நிற்கிறவனிடம் பிள்ளை ஒன்று சுவரைக் காட்டி, அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று கேட்டால், நின்றவர்களின் பெயரையும் அவர்களை அனுப்பியவர்களின் பெயரையும் அவன் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்த வேலையைக் கல்லிடம் விட முடியாது.