சுயெஸும் ஸ்ரேலிங்கும்

1956 யூலை 26இல் எகிப்திய அதிபர் நாஸர் சுயெஸ் கால்வாய்க் கம்பனியை நாட்டுடைமையாக்கினார். ஒக்ரோபர் இறுதியில் இஸ்ரேலும், தொடர்ந்து பிரித்தானியாவும் பிரான்சும் எகிப்தின்மீது படையெடுத்தன. எகிப்து கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்தது. சிரியாவில் எண்ணெய்க் குழாய்வழி தகர்க்கப்பட்டது. இனி அமெரிக்கக் கண்டத்து எண்ணெயை டொலர் கொடுத்தே பெறவேண்டும். பிரித்தானியாவின் டொலர் ஒதுக்குகளோ கரைந்துகொண்டிருந்தன. படைவிலகல் உறுதியாகும்வரை சர்வதேச நாணய நிதியத்தின் உதவிக்கு ஐசனோவரின் அரசு இடமளிக்கவில்லை. டிசம்பரிற் பிரித்தானிய, பிரெஞ்சுப் படைகள் வெளியேறின.

ஆக்கிரமிப்புத் தோற்றதென மகிழலாம். ஆயின் அதனைத் தோற்கடித்தது அறமா? கடன் கொடுத்தோனுக்கு அஞ்சி ஒருவன் களவை விடுவானாயின், களவு நின்றது உண்மை. அவன் திருந்தினான் என்பது எங்ஙனம்? நாணயம் என்னுஞ் சொல் தமிழிற் காசையும் நேர்மையையும் குறிக்கும். இங்கு வேலைசெய்தது முன்னதே.

தடுத்தவனின் தகுதியும் ஆராயற்பாலது. எண்ணெயை நாட்டுடைமையாக்கிய ஈரானியப் பிரதமர் மொசாடெக்கை 1953இல் வீழ்த்த உதவியதும் இதே ஐசனோவரின் அரசே. மேலும், 1956 நவம்பரிலேயே சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டினுட் புகுந்தன. மொஸ்கோ டொலரை நம்பி வாழவில்லை. எனவே அங்கு இக்கருவி பயன்படவில்லை. கடனாளியை மட்டுமே தீண்டும் தண்டனையை நீதி என்பது பொருந்தாது.

போட் சயிட் மக்களுக்குக் குண்டு நின்றதே போதும், காரணம் எதற்கு என்பர் சிலர். வலிய வாதமே. ஆனால் அடுத்தமுறை டொலர் எப்பக்கம் நிற்குமென அம்மக்கள் அறியும் வழியில்லை. நாட்டுடைமைக்கு ஒரு வாரத்தின் முன், அஸ்வான் அணைக்கு முன்வந்த உதவியை மீளப்பெற்று எகிப்தைத் தண்டித்ததும் அதே டொலர்தான்.