அந்த நெல்லை விற்கலாமா?

2017 ஜூன் 30 அன்று தஞ்சாவூர் மாவட்டம் கதிராமங்கலத்தில் ஓ.என்.ஜி.சி. குழாய் கசிந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. தடியடியும் கைதுகளும் செய்தியாயின. எனக்கு அதற்கு அடுத்த போகத்தைப் பற்றித்தான் கேள்வி. எண்ணெய் ஊறிய ஒரு மண்ணில் மறுபடி நட்டு அறுக்கிற நெல்லை ஒரு விவசாயி விற்கலாமா?

எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், நாறும். நாளடைவில் நுண்ணுயிரிகள் அதில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். உலோகம் அப்படிப் போகாது. கச்சா எண்ணெயில் நிக்கலும் வனேடியமும் உண்டு. கிணறு துளைக்கும் சேற்றில் கலக்கிற பேரைட்டோடு காட்மியமும் ஈயமும் வரலாம். காட்மியம் துத்தநாகம் மாதிரி வேஷம் போட்டு வேருக்குள் நுழைந்துவிடும். வயலில் தண்ணீர் கட்டி வைத்தால் அது அரிசிக்கு ஏறுவது குறையும், ஆனால் ஆர்சனிக் கூடும். வடித்தால் நேர்மாறு. பயிர் பச்சையாகவே நிற்கும், சோற்றின் ருசியும் மாறாது. சிறுநீரகத்தில் மட்டும் பத்து, இருபது வருஷம் குடியிருக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுப் பாசன அரிசியைத் தின்றவர்களுக்கு எலும்பு நொறுங்கியது (அங்கே காரணம் எண்ணெய் அல்ல, சுரங்கக் கழிவு). நோயின் பெயரே 'இத்தாய் இத்தாய்'. நம்ம பேச்சில் 'வலிக்குது வலிக்குது'. அரசு அதை ஒப்புக்கொண்டது 1968இல்தான்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள், கருக்காய் பார்ப்பார்கள். காட்மியம் பார்ப்பதில்லை. மூட்டை ஏறியதும் எல்லார் நெல்லும் ஒன்று.

"டெஸ்ட் எடுத்துப் பாக்க வேண்டியதுதானே?" என்போம். எடுத்து, மோசம் என்று வந்தால்? நெல்லும் போச்சு, நிலத்தின் விலையும் போச்சு, பக்கத்து வயல்காரரின் பகைதான் மிச்சம். தெரியாமல் இருப்பதுதான் அவருக்குக் கிடைத்த ஒரே இன்சூரன்ஸ். இதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவர் தன் வீட்டுக்கு மட்டும் கடையில் அரிசி வாங்கினால், அந்த நிமிஷமே தெரிந்தவர் ஆகிவிடுகிறார். (வீட்டுக்கென்று மருந்தடிக்காத ஒரு பாத்தி ஒதுக்குவது நாம் பார்க்காததா?) அதற்குப் பிறகு விற்கக்கூடாது என்றே நினைக்கிறேன். அதை அவர் முகத்துக்கு நேரே சொல்வதென்றால், அந்தப் போகத்தின் பணத்தை யாராவது முதலில் அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.

யார் கொடுப்பது? வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கெடுத்தவர் பணம் கட்டணும், கெடுதல் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் தொழில் செய்பவருடையது. நடைமுறையில் நிரூபணம் விவசாயி தலையில்தான் விழுகிறது. பாஸ்பேட் உரத்திலும் கொஞ்சம் காட்மியம் உண்டு. "நீங்க போட்ட டி.ஏ.பி.யில இருந்து வந்திருக்கும்" என்றால் அவர் என்ன காட்டுவார்? குழாய் வருமுன் மண் எப்படி இருந்தது என்று யாராவது அளந்து வைத்திருந்தால்தானே?

2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் அரியலூர் இல்லை, கொள்ளிடக் கரையில் திருமானூரும் தா.பழூரும் நெல் விளைவித்தும். 2021இல் அந்த மாவட்டத்தில் 10 சோதனைக் கிணறுகளுக்கு ஓ.என்.ஜி.சி. விண்ணப்பித்தது, மாநில அரசு அனுமதிக்க மாட்டோம் என்றது. சந்தோஷம். ஆனால் அந்தச் சட்டம் ஏற்கெனவே இருந்த கிணறுகளைத் தொடவில்லை. திருவாரூர், தஞ்சைப் பக்கம் அவற்றை ஒட்டிய வயல்களில் சம்பா நட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.