ஒளி போனது, செய்தி வந்தது

ஓர் உடலை விட்டு இன்னோர் உடலில் உயிர் பிறக்கிறது என்றால், அங்கிருந்து இங்கே வந்து சேர்வது எது? வந்து சேர்கிற பொருள் ஒன்றும் இல்லை, ஒரு விளக்கில் இன்னொரு விளக்கைக் கொளுத்துவதுபோல முந்தையது காரணமாகப் பிந்தையது தோன்றுகிறது என்பது பௌத்தர் கட்சி. கணந்தோறும் அழிகிற அறிவுக்கு முன்செய்த வினையின் பயன் எப்படிச் சேரும் என்று சைவ சித்தாந்தி மடக்குவார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் பௌத்தரை மறுக்கத் தனியே இடம் ஒதுக்கினார். இந்தப் பழைய வழக்கில் கண்ணாடி இழைக்குள் நடக்கும் ஒரு காரியத்தைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்று நினைக்கிறேன். வழக்கு முழுவதையும் அது தீர்க்காது, பாதியைத் தீர்க்கும்.

இழையில் செய்தியை ஏற்ற வழிகள் பல. ஒளி இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்பது எளிய வழி. ஒளியை அணைக்காமலே வைத்துக்கொண்டு அலையின் கட்டத்தை, அதாவது ஏறி இறங்கும் அதன் நிலையை, அரைச் சுற்று தள்ளி 1, 0 என்று குறிப்பது இன்னொன்று. ஒரு முறையிலிருந்து மற்றதற்கு மாறவேண்டிய சந்தியில் வழக்கமாக ஒளியை மின்சாரமாக்கிப் படித்து, வேறொரு லேசரைக் கொண்டு திரும்ப எழுதுவார்கள். ஊராட்சிகளுக்கு இழை கொண்டுபோகும் பாரத்நெட் திட்டத்திலும் இழை முடிகிற பெட்டியில் ஒளி மின்சாரமாகத்தான் ஆகிறது. மின்சாரத்தின் தயவில்லாமல் ஒளியாகவே முறை மாற்றுவது இன்றைக்கும் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துக் காரியம். மின்புலம் பட்டால் கண்ணாடியின் ஒளிவிலகும் தன்மை மாறும் என்று 1875இல் ஜான் கெர் கண்டார். வலுவான ஒளிக்கும் அப்படியொரு புலம் உண்டு. ஆகவே செய்தி சுமக்கும் ஒளியோடு, வேறு நிறத்தில், ஒன்றும் எழுதப்படாத வெற்றொளி ஒன்றையும் அதே இழையில் விடுகிறார்கள். செய்தி ஒளியின் துடிப்பு கடக்கும் இடத்தில் கண்ணாடி மாறுகிறது. கூடவே போகும் வெற்றொளி அந்த அளவுக்குப் பின்தங்குகிறது. ஒளியின் வலுவும் இழையின் நீளமும் கணக்காக அமைந்தால் பின்தங்குவது சரியாக அரைச் சுற்று. இழையின் கடைசியில் ஒரு வடிகட்டி பழைய ஒளியை நிறுத்திவிடுகிறது. வெளியே வருவதில் பழைய ஒளியின் ஒரு துகள்கூடக் கிடையாது, ஆனால் செய்தி இருக்கிறது.

சித்தாந்தி இதற்கு அசரமாட்டார். "நிலைத்த பொருள் இருக்கிறதே, அந்தக் கண்ணாடிதான்" என்பார். நல்ல ஆட்சேபம்தான். ஆனால் துடிப்பு கடந்த சில ஃபெம்டோ நொடிகளில், அதாவது நொடியைக் கோடி கோடியாகப் பிரித்தாலும் எட்டாத நேரத்தில், கண்ணாடி பழையபடி ஆகிவிடுகிறது. எது கடந்தது என்ற நினைவு அதற்கு இல்லை. செய்தி கைமாற அது இடம் தந்தது. செய்தியைத் தன்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. வினையைப் பிறவிதோறும் சுமந்து செல்லும் உயிர் என்று சித்தாந்தம் சொல்வது இப்படிப்பட்ட ஒன்றை அல்லவே. நிலைத்துச் சுமக்கும் பொருள் இல்லாமல் தொடர்ச்சியே இல்லை என்ற வாதம் இங்கே நிற்கவில்லை.

பொருள் நிலைத்துவிட்டால் மட்டும் போதுமா என்பதற்குத் தருமபுரி வட்டாரத்தில் பதில் நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. பல்லவர் காலத்து நடுகற்கள் அங்கே ஏராளம். இன்ன அரசனின் இத்தனையாவது ஆட்சியாண்டில், தொறு (ஆநிரை) மீட்கும் சண்டையில் இன்னான் பட்டான் என்று வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். கல் அசையவில்லை, எழுத்தும் பெரும்பாலும் அழியவில்லை. ஆனால் அவற்றில் பலவற்றை வேடியப்பன் என்று கும்பிட்டவர்களுக்கு வட்டெழுத்து தெரியாது. வில்லேந்திய உருவத்தைக் கண்டு ஒரு வீரன் என்று அறிந்தார்கள். அவன் பெயரும் அரசனின் ஆண்டும் கல்லிலேயே கிடந்தன. 1970களில் தொல்லியல் துறையினர் அவற்றைப் படித்து இன்றைய எழுத்தில் அச்சிட்ட பிறகுதான் அந்தப் பெயர்கள் வெளியே நடமாடின. இழையிலும் இதே சிக்கல் உண்டு. கட்டத்தில் எழுதிய ஒளியைச் சாதாரண உணர்கருவியிடம் காட்டினால் அதற்கு ஒரே சீரான வெளிச்சம் மட்டுமே தெரியும், ஏனென்றால் அது பிரகாசத்தை மட்டுமே அளக்கும். ஒரு துடிப்பின் கட்டத்தை முந்தைய துடிப்போடோ வேறோர் ஒளியோடோ ஒப்பிடத் தெரிந்த கருவிக்குத்தான் செய்தி. ஆக, பௌத்தர் சொல்லும் காரணத் தொடரோடு படிக்கத் தெரிந்த ஒன்றும் வேண்டியிருக்கிறது. "அதைத்தானே அறிவுடைய உயிர் என்கிறோம்" என்று சித்தாந்தி இங்கே மறுபடி நுழையலாம். அவருக்கு இந்த இடத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் படிக்கத் தெரிந்தது என்றால் அழியாதது என்று ஆகிவிடாது. வட்டெழுத்துப் படித்தவர்கள் ஒருகாலத்தில் அற்றுப்போனார்கள், பிறகு வேறு ஆட்கள் கற்றுக்கொண்டு படித்தார்கள்.

எனக்கு உண்மையில் இடறுவது வேறோர் இடம். அதே இழையில் ஒரு வெற்றொளிக்குப் பதில் நான்கு நிறத்தில் நான்கு வெற்றொளிகளை விடலாம். நான்கிலும் அதே செய்தி ஏறும். எது அசல் என்று கேட்க அங்கே அவசியமே இல்லை, நான்கும் ஒன்றுதான். ஒருவன் செய்த கொலையின் பயன் அப்படி நான்கு பிறவிகளில் ஏறினால்? காரணத் தொடர் நான்கிலும் அறுபடாமல் இருக்கிறது. பௌத்தரின் கணக்குப்படி நால்வரும் சமமாகப் பொறுப்பு. தண்டனையை நால்வருக்கும் பங்கு போடுவதா, நால்வரும் முழுதாக அனுபவிப்பதா? செய்திக்கு வலி கிடையாது, அதனால் இழை இந்தக் கேள்விக்கு வாய் திறக்காது. நினைவும் குணமும் கைமாற நிலைத்த உயிர் தேவையில்லை என்று பௌத்தர் பக்கம் தீர்ப்பு எழுதலாம். வலி யாருடையது என்ற கேள்வியில் அருணந்தியின் ஆட்சேபத்துக்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவேண்டியிருக்கிறது.