கடுமையின் அறம்: வீடியோ விளையாட்டுகளை முன்வைத்து ஒரு நோக்கு

ஒரு படைப்பாளி தன் படைப்பைப் பலரால் எட்டமுடியாத அளவுக்குக் கடினமாக்குவானாயின், எட்டாது நிற்போர்பால் அவனுக்குக் கடமை ஏதும் உண்டா? இலக்கியத் துறையில் மிகப் பழையதான இவ்வினா, 2019ஆம் ஆண்டில் 'செகிரோ' என்னும் யப்பானிய வீடியோ விளையாட்டு வெளிவந்தபோது புதிய வடிவில் எழுந்தது. வாட்போரை மையமாகக் கொண்ட அவ்விளையாட்டில் எளிய நிலை என ஒன்று இல்லை. இருத்தல் வேண்டும் என ஒரு சாராரும், இருப்பின் படைப்பே சிதையும் என மறுசாராரும் வாதிட்டனர். கடுமை என்பது ஒரே தன்மையது என இரு சாராருமே கொண்டமைதான் வாதத்தின் குறை எனலாம்.

நாணயமிட்டு ஆடும் பொறிகளின் காலத்தில், ஆடுபவன் விரைந்து தோற்பது பொறிக்கு உரியவனுக்கு வருவாய். விளையாட்டு வீட்டினுள் புகுந்தபின் நாணயம் மறைந்தது, கடுமை எஞ்சியது. அதற்கு வேறு நியாயம் தேடவேண்டியதாயிற்று.

2004இல் ரெக்மோ நிறுவனத்தின் 'ரீம் நிஞ்சா' குழுவினர், ரொமொனொபு இட்டகாக்கியின் தலைமையில் வெளியிட்ட 'நிஞ்சா கைடன்' கண்ட நியாயம் திறமை வழிபாடு. மறு ஆண்டில் வந்த அதன் திருத்திய பதிப்பு, தொடக்கத்திலேயே பன்முறை மடிவோருக்கு எளிய நிலையொன்றை அளித்தது. அந்நிலையின் பெயர் 'நிஞ்சா நாய்'. அதனை ஏற்றுக்கொண்டோரின் வீரன் கையில் ஊதா நாடாவுடன் திரிய நேர்ந்தது. உதவி கிடைத்தது, உடன் இகழ்ச்சியும் கிடைத்தது. 2005இன் 'டெவில் மே கிறை 3' வேறுவகையிற் பிழைத்தது. யப்பானில் 'கடினம்' எனப்பட்ட நிலை, மேலைநாட்டுப் பதிப்பில் 'இயல்பு' எனப் பெயர் மாற்றம் பெற்றிருந்தது. இங்கே குறை கடுமையன்று, பெயரின் பொய்ம்மையே.

2009இல் ஹிடெட்டக்கா மியசாக்கி இயக்கிய 'டீமன்ஸ் சோல்ஸ்' எளிய நிலையை அறவே கொண்டிலது. மடிபவன் திரட்டிய ஆன்மாக்கள் மடிந்த இடத்திலேயே கிடக்கும். மீண்டும் அங்கு சென்றடையின் மீட்கலாம். இடையில் மறுபடி மடியின் முற்றாக இழக்கவேண்டியதுதான். எனினும் பகைவர் பெரும்பாலும் முன்நின்ற இடத்திலேயே நிற்பர். ஆதலால் தோல்வி அறிவாக மாறுகிறது. முன்சென்ற ஆட்டக்காரர் நிலத்தில் எழுதிவைத்த குறிப்புகள் பின்வருவோரை எச்சரிக்கின்றன. பனி படிந்த மேட்டில் சிக்கிய வாகனங்களை முன்பின் அறியாதவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் தள்ளிவிட்ட அனுபவமே இவ்வமைப்புக்கு வித்தென மியசாக்கி கூறியுள்ளார். கடுமை மனிதரைப் பிரிக்கவே செய்யும் என்போர் இதனைக் கருதுதல் வேண்டும்.

2018இல் கனடாவிலிருந்து வந்த 'செலெஸ்ற்' மலையேறும் பெண்ணொருத்தியின் கதை. அது கடினமானதே, ஆயினும் வேண்டுவோர் ஆட்டத்தின் வேகத்தைப் பாதியாகவும் குறைத்துக்கொள்ளலாம். அதற்காக எவரும் நாடா அணிய வேண்டியதில்லை. முயலாது பெற்ற வெற்றி வெற்றியாகுமா என்பர். முயற்சியை அளப்பது தடையின் உயரமா, தாண்டுவோனின் உடலா? நடுங்கும் விரல்களை உடையவனுக்குப் பாதி வேகமும் முழுப் போராட்டமே. படைப்பாளியின் உரிமையை மறுக்க வேண்டியதில்லை. தன் மலையைச் செங்குத்தாக அமைக்க அவனுக்கு உரிமையுண்டு. ஏறமுடியாதவனை நாய் என அழைக்கும் உரிமை எங்கிருந்து வந்தது?

இவ்விளையாட்டுகள் விட்டுச்சென்ற செல்வாக்கையும் இவ்வழியே மதிப்பிடல் தகும். 'சோல்ஸ்' என்ற பெயர் இன்று ஒரு விளையாட்டு வகைக்கே பெயராகிவிட்டது. இட்டகாக்கி 2008இல் விலகிச் சென்றபின், அதே ரீம் நிஞ்சா குழுவினர் 2017இல் அவ்வகையிலேயே 'நியோ' என்னும் விளையாட்டை வெளியிட்டனர். அதன் பாதைகளெங்கும் ஏனைய ஆட்டக்காரரின் கல்லறைகள் காணப்படுகின்றன. அவற்றை அணுகின், அங்கு மடிந்தவர் எதனால் மடிந்தார் என்பதை அறியலாம்.