வந்த ஊரின் சுரம்



சோழநாட்டிலிருந்து திருஞானசம்பந்த மூர்த்தி தம் அடியார் கூட்டத்தோடு கொடிமாடச் செங்குன்றூர் என்று அந்நாளில் வழங்கிய இந்தத் திருச்செங்கோட்டுக்கு எழுந்தருளியிருந்த சமயத்தில், பனிப்பருவம் வந்து, கொங்குமண்ணுக்கே இயல்பான நளிர்சுரம் உடன் வந்த அடியார்களைப் பற்றி வருத்தியது என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் அருளியிருக்கிறார். புதிதாக வந்தவர்களை அல்லவா எந்த ஊரின் பனியும் முதலில் பிடித்துக்கொள்கிறது? சம்பந்தப் பிள்ளையார் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார். அடியார்களின் சுரம் தணிந்தது. அத்தோடு நில்லாமல் இந்நாடு முழுவதையும் விட்டு அந்தப் பிணி அகன்றது. தம் பரிவாரத்தின் துன்பத்துக்காக எழுந்த பிரார்த்தனை, முன்பின் அறியாத குடியானவனின் குடிசைக்கும் க்ஷேமமாக முடிந்ததே, அதை நினைக்குந்தோறும் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

அந்த அடியார்களைப் போலவே ஊருக்குப் புதிதான ஓர் இளந்தம்பதி சில நாட்களுக்கு முன் என்னிடம் வந்தனர். உத்தியோக நிமித்தமாகச் சென்னையை விட்டு, இரண்டு சிறு குழந்தைகளோடு இவ்வூரில் வாடகை வீடு எடுத்துக் குடியேறியவர்கள். பால் காய்ச்சிய அன்று வாசலில் போட்ட கோலத்தை ஒருவரும் நின்று பார்க்கவில்லை என்றும், உப்புத் தண்ணீர் எது, நல்ல தண்ணீர் எது, குழாயில் எந்தக் கிழமை வரும் என்று கேட்பதற்குக்கூட ஆளில்லை என்றும் அந்தப் பெண் கண்கலங்கிச் சொன்னாள். "ஊர் எங்களை ஏற்றுக்கொள்ள என்ன பூஜை செய்யலாம், சாமி?" என்று கேட்டாள். நான் பூஜை ஒன்றும் சொல்லவில்லை. புதுப்பாளையத்துக் கதையைச் சொன்னேன்.

சேலத்தில் வக்கீலாகப் பெரும்பொருள் ஈட்டி, அந்நகரசபைக்குத் தலைவராகவும் விளங்கிய ராஜாஜி, 1925-ஆம் ஆண்டில் அந்த சௌகரியங்களையெல்லாம் துறந்து, தாயை இழந்த தம் இளைய பிள்ளைகளோடு, இங்கிருந்து அதிக தூரமில்லாத புதுப்பாளையத்தில், ரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த பூமியில் காந்தி ஆசிரமம் அமைத்துக் குடியேறினார். ஹரிஜனப் பிள்ளைகளும் மற்றவர்களும் ஒன்றாக வாழ்ந்த அந்த இடத்தைச் சுற்றுப்புறத்தார் எடுத்த எடுப்பிலேயே உவந்து ஏற்றார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர் அவர்களோடு வாதாடிக் கொண்டிருக்கவில்லை. வானம் பொய்த்து, வெள்ளாமை கருகிய வட்டாரம் இது. வீட்டில் அடுப்பெரிய வழியற்ற பெண்களுக்கு ராட்டையும் பஞ்சும் கொடுத்து, நூற்ற நூலுக்குக் கூலியும் கொடுத்தது ஆசிரமம். கள்ளினால் குடி கெட்ட வீடுகளின் கண்ணீரையும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்னும் பத்திரிகை 1929-இல் அங்கிருந்து வெளிவந்தது, கல்கி அதில் துணையாசிரியராக உழைத்தார். ஊரின் வறட்சி எவனுக்குத் தன் வறட்சியாகிறதோ, அவனை அந்த ஊர் எத்தனை நாளைக்கு அந்நியன் என்று வாசலில் நிறுத்திவைக்க முடியும்?

இதை வந்தவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போவது தர்மமாகாது. இந்தச் சபையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு மகனையோ கணவனையோ ராஜஸ்தானத்துக்கும் மத்தியப் பிரதேசத்துக்கும் அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் போன் மணியை எதிர்பார்த்திருப்பவர்கள் அநேகர். பாஷை புரியாத கிராமத்தில், மண்புழுதி படிந்த முகத்தோடு உங்கள் பிள்ளை கிணறு தோண்டி நிற்கையில், அங்கே எந்த அம்மாளோ இரண்டு ரொட்டியும் ஒரு சொம்பு மோரும் கொடுத்திருப்பாள். அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது, அவளுக்குக் கைம்மாறு செய்யவும் வழியில்லை. ஆனால் உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த வீடு ஒன்று இருக்கிறது. நாளைக் காலையில் அந்தக் கதவைத் தட்டி, "எந்த ஊருங்க கண்ணு? குழந்தை சாப்பிட்டுச்சா?" என்று கேளுங்கள், நல்ல தண்ணீர் வரும் கிழமையையும் சொல்லிவிட்டு வாருங்கள்.