கயிற்றில் இறங்குபவரின் கடமை

தன் உயிர் போகலாம் என்று தெரிந்தும் பிறர் உயிரைக் காக்கப் போவது கடமையா, கடமைக்கும் மேற்பட்ட அறமா? 1958-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜே. ஓ. அர்ம்சன் ‘புனிதர்களும் வீரர்களும்’ என்ற கட்டுரையில் இந்தப் பழைய கேள்வியைக் கூர்மையாக்கினார். கையெறி குண்டின் மேல் விழுந்து தோழர்களைக் காக்கும் சிப்பாயைப் போற்றலாம்; விழாதவனைக் குறை சொல்ல முடியாது என்பது அவர் கட்சி.

ஹெலிகாப்டர் மீட்புப் பணிக்கு இந்தப் பாகுபாடு போதவில்லை. 1983 பிப்ரவரி 12 அன்று ‘மரைன் எலெக்ட்ரிக்’ என்ற நிலக்கரிக் கப்பல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கடலில் புயலில் சிக்கி மூழ்கியது. கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கியது. குளிரில் விறைத்துக் கிடந்தவர்களுக்கு அதைப் பற்றக்கூடக் கையில் வலுவில்லை. நீரில் இறங்கித் தூக்கிவிடப் பயிற்சி பெற்ற ஆள் அந்த ஹெலிகாப்டரில் இல்லை; பின்னர் கடற்படை ஹெலிகாப்டரில் வந்த நீச்சல் வீரர்தான் குதித்தார். 34 பேரில் பிழைத்தவர்கள் 3 பேர். மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, கடலோரக் காவல்படை மீட்பு நீச்சல் வீரர்களை உருவாக்கும்படி செய்தது.

அன்று கூடையை இறக்கிய குழுவினர் மேல் குற்றமில்லை. இயலாததைக் கடமை என்று யார் மேலும் சுமத்த முடியாது. ஆனால் பயிற்சி இயலுவதன் எல்லையை நகர்த்திவிடுகிறது. திமிறுபவரை அலைக்குள் பிடித்து நிறுத்தவும், கவிழ்ந்து மூழ்கும் ஹெலிகாப்டரிலிருந்து தலைகீழாக வெளியேறவும் பழகியவருக்குக் கடலில் இறங்குவது வேலை. கரையில் நிற்பவருக்கு அதுவே வீரம். ஆகவே, இறங்கத் தெரிந்த ஆள் இல்லாமல் ஹெலிகாப்டரை அனுப்பும் அமைப்புதான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

கடமைக்கு மறுபக்கமும் உண்டு: போகாதே என்றும் அது சொல்லும். 2013 ஜூன் 25 அன்று, உத்தராகண்ட் வெள்ளமீட்பில் இருந்த விமானப்படையின் எம்.ஐ.-17 ஹெலிகாப்டர் கௌரிகுண்ட் அருகே விழுந்து 20 பேர் இறந்தனர். மீட்கப் போனவர்களே மாண்டால் காத்திருப்பவர்களுக்கும் உதவியில்லை. அமெரிக்காவின் பல ஏர் ஆம்புலன்ஸ் சேவைகளில், பறப்பதா என்று முடிவெடுக்கும்வரை நோயாளியின் நிலையை விமானியிடம் சொல்வதில்லை. சாகக் கிடப்பது ஒரு குழந்தை என்று காதில் விழுந்தால் கண் மேகத்தைச் சரியாக எடைபோடாது. இரக்கமற்ற ஏற்பாடாகத் தோன்றினாலும் இது சரியான ஏற்பாடு. வானிலையை மட்டும் பார்த்து ‘முடியாது’ என்று சொன்ன விமானி கடமை தவறியவர் அல்லர்.